டர்போ கூபே ஆட்டோகிராஸுக்கு ஆகுமா?

28-04-2024, காலை
காலித் தரையில் கோன் வைத்து, ஒவ்வொரு வண்டியாக நேரம் பார்த்து ஓட்டும் ஆட்டோகிராஸ் பற்றித் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது:

"அண்ணா, 2016 மாடல் ஆடி டிடி கூபே ஒன்று செகண்ட் ஹேண்டில் விலைக்கு வந்திருக்கிறது. ஆட்டோகிராஸ் ஓட்டத்தான் பார்க்கிறேன். டர்போ வண்டி கோனுக்குள் ஆகாது, மிதித்தால் யோசித்துத்தான் இழுக்கும், அந்தக் காசுக்கு நாலு ஸ்விஃப்ட் வாங்கலாம் என்கிறான் என் பங்காளி. நீங்கள் அதே வண்டியை ஓட்டுகிறீர்கள். ஆகுமா, ஆகாதா?"

28-04-2024, இரவு
பங்காளி சொல்வது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. சொல்ல மனசு வரவில்லை, ஏனென்றால் அந்த வண்டி எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

என்னுடையது 2015 மாடல், மூன்றாம் தலைமுறை டிடி. 1984 சிசி டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை), தானாகக் கியர் மாற்றும் ஆறு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி, நான்கு சக்கர இழுவை. எடை சுமார் 1,335 கிலோ. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.3 நொடி என்று கம்பெனி சொல்கிறது. அவிநாசி ரோட்டில் இதற்கு முன்னால் நிற்க ஆள் கிடையாது.

நாங்கள் ஓட்டுவது காங்கேயம் பக்கம் ஒரு பழைய கொப்பரைக் களத்தில். ஐந்தரை ஏக்கர் சிமென்ட் தரை. இப்போது அங்கே யாரும் கொப்பரை காயப்போடுவதில்லை. இருபது வண்டி வரும். தடத்தின் நீளம் ஐந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பன்னிரண்டு திருப்பம். ஒரு வண்டி ஓடி முடித்த பிறகுதான் அடுத்தது. கோன் ஒன்று சாய்ந்தால் இரண்டு நொடி அபராதம்.

போன வருடம் மூன்று கூட்டம் போனேன். மூன்றிலும் தாராபுரத்து அக்கா ஒருவர் 83 குதிரைத்திறன் உள்ள 1.2 லிட்டர் ஸ்விஃப்ட்டில் என்னை முந்தினார். கடைசிக் கூட்டத்தில் அவர் 42.9, நான் 44.8. அதாவது 1.9 நொடி. ஒரு திருப்பத்துக்கு டர்போ 0.15 நொடி தாமதித்தாலே பன்னிரண்டு திருப்பத்தில் 1.8 நொடி போய்விடும். கணக்கு நேராக உட்காருகிறது. டர்போ தாமதம்தான் காரணம்.

29-04-2024
டர்போ ஏன் தாமதிக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை. பம்ப் இம்பெல்லர் திருப்பித் திருப்பியே வயதானவன் நான், அதை வைத்தே சொல்கிறேன்.

டர்போ என்பது கிணற்று மோட்டாரில் இருக்கும் அதே சமாச்சாரம். தண்ணீருக்குப் பதிலாகக் காற்று. சுழலும் சக்கரம் நடுவில் உறிஞ்சி ஓரத்தில் தள்ளுகிறது. மோட்டார் வேகம் பாதியானால் பம்ப் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றாது, கால்வாசி உயரத்துக்குத்தான் ஏற்றும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் போகிறது. வோல்ட்டேஜ் குறைந்த நாளில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், வாய்க்காலில் தண்ணீர் வராது. தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். டர்போவும் அப்படித்தான். இங்கே மோட்டாருக்குப் பதிலாக இன்ஜினின் புகைதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. காலை எடுத்தால் புகை குறைகிறது, சக்கரம் தளர்கிறது. மறுபடி மிதித்தால் புகை சேர்ந்து சக்கரம் வேகம் பிடித்த பிறகுதான் அழுத்தம் ஏறும். கார்களில் இருக்கும் சின்ன டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றை ஒட்டி ஓடுவது. அந்த வேகத்துக்கு ஏற நேரம் வேண்டுமல்லவா.

"370 நியூட்டன் மீட்டர் 1,600 ஆர்.பி.எம்மிலேயே கிடைக்கும் என்று போட்டிருக்கிறதே" என்று ஒருவர். அது காலை அழுத்திப் பிடித்து, அதே ஆர்.பி.எம்மில் நிறுத்தி அளந்த எண். காலை எடுத்து, பிரேக் போட்டு, திருப்பி, மறுபடி மிதித்த முதல் கணத்தில் அந்த 370 இருக்காது. விளம்பரத்தில் வரும் கோடும் களத்தில் கிடைக்கும் இழுவையும் வேறு வேறு. டர்போ வண்டி வாங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

01-05-2024
ஆட்டோகிராஸ் என்றால் மண் தடம்தானே என்கிறார் ஈரோட்டு நண்பர். நம் நாட்டில் பெரும்பாலும் அப்படித்தான், மண்ணில்தான் பழகினோம். இங்கிலாந்திலும் அந்தச் சொல் புல்லுக்கும் மண்ணுக்கும்தான், தாரில் ஓட்டுவதற்கு அங்கே ஆட்டோசோலோ என்று பெயர். அமெரிக்காவில் காலி பார்க்கிங்கில் கோன் வைத்து ஓட்டுவதைத்தான் ஆட்டோகிராஸ் என்பார்கள். எங்களுடையது அந்த வகை.

05-05-2024, மாலை
இன்று கூட்டம். எழுதாமல் தூக்கம் வராது.

வண்டித் திரையில் வெளி வெப்பம் 39 டிகிரி. காலை ஏழரைக்கு ஆரம்பிக்க வேண்டியது, பத்துக்குத்தான் முதல் வண்டி போனது. என் ஓட்டங்கள் 44.1, 43.8, 44.6, 44.9. அக்கா 42.6, 42.4, 42.2, 42.1. பொதுவாக வெயில் ஏற ஏறத் தூசு போய், ரப்பர் படிந்து, களம் நன்றாகப் பிடிக்கும். எல்லோருக்கும் நேரம் குறைந்தது. எனக்கு மட்டும் மூன்றாவது ஓட்டத்திலிருந்து கூடியது.

கார் கம்ப்யூட்டரோடு ஒரு சின்னக் கருவியைச் சேர்த்து போனில் எண்களைப் பதிவு செய்கிறேன். இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம் முதல் ஓட்டத்தில் 47 டிகிரி, நான்காவதில் 63. டர்போ அழுத்தியதில் சூடான காற்றை ஆற்றுவது இன்டர்கூலர். வரிசையில் நிற்கும்போது அதன்மேல் காற்று படுவதில்லை, வெந்துபோய்க் கிடக்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இந்த வித்தியாசத்துக்கு ஐந்து விழுக்காடு அடர்த்தி போய்விடும். கூடவே சூட்டில் பெட்ரோல் தானாக வெடித்து இன்ஜின் தட்டாமல் இருக்கக் கம்ப்யூட்டர் தீப்பொறியையும் தாமதமாக்கும், அதிலும் சக்தி குறையும்.

தாமதம் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம். தம்பி, நம் ஊர் வெயிலுக்கு டர்போ ஆகாது என்று எழுதிவிடலாம் போலிருக்கிறது.

06-05-2024
நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். விடிகாலையில் எழுந்து நிதானமாகக் கணக்குப் பார்த்தேன்.

முழு அழுத்தமாக மிதிக்கும் நேரம் ஒரு ஓட்டத்தில் மொத்தமே ஒன்பது, பத்து நொடிதான். அந்தப் பத்து நொடியில் சக்தி ஐந்து விழுக்காடு குறைந்தால் போவது கால் நொடிகூட இருக்காது. நான் இழந்தது ஒரு நொடிக்கு மேல். மீதி எங்கே போனது?

டயரில். முன் டயரில் காலையில் 38 பி.எஸ்.ஐ. காற்று வைத்தேன். கடைசி ஓட்டம் முடிந்து அளந்தபோது 45. வண்டியின் எடையில் சுமார் அறுபது விழுக்காடு முன் சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சூடான டயர் பந்துபோல் உருண்டு, நடுவில் மட்டும் தரையைத் தொட்டிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு திரும்பாமல் நேராகப் போவதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. நான்காவது ஓட்டத்தில் ஐந்தாம் கோனை இடித்ததும் அப்படித்தான்.

இனி ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காற்றை இறக்கிப் பார்க்கவேண்டும். டயர் பக்கவாட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, அது எதுவரை அழிகிறது என்று பார்ப்பது பழைய முறை. நல்ல முறை. தோள்பட்டை விளிம்புவரை அழிந்தால் போதும், அதைத் தாண்டினால் காற்று குறைவு, அதற்கு முன்னாலேயே நின்றால் காற்று அதிகம்.

இன்னொன்று. உயரம் என்று பார்த்தால் டர்போவுக்கு நம் ஊர் நல்லது. கோயமுத்தூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 410 மீட்டர். சாதாரண இன்ஜின் இங்கே ஏறக்குறைய ஐந்து விழுக்காடு சக்தியை இழக்கும். டர்போ தானே அழுத்தித் தள்ளுவதால் அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும்.

19-05-2024
நேற்றிரவு நல்ல மழை. சிமென்ட் தரையில் வருடக்கணக்காக ஊறிய தேங்காய் எண்ணெய் ஈரம் பட்டால் மேலே வந்துவிடும், நடந்தாலே வழுக்கும். கூட்டம் ரத்து. அதனால் மொட்டை மாடி ஷெட்டில் உட்கார்ந்து, பழைய பதிவுகளை ஒவ்வொரு நொடியாகப் பார்த்தேன். பார்த்ததில் ஒன்று தூக்கிவாரிப் போட்டது.

28-ஆம் தேதி நான் எழுதிய 1.9 நொடிக் கணக்கு தவறு. தயவுசெய்து அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

பன்னிரண்டு திருப்பத்திலும் டர்போ தளரவில்லை. காலை முழுக்க எடுத்து, நீளமாகப் பிரேக் பிடிக்கும் திருப்பம் நாலே நாலுதான். மற்ற எட்டில் கால் முழுக்க மேலே வரவில்லை, அழுத்தம் பாதிக்குக் கீழே இறங்கவே இல்லை.

அந்த நாலில் நடந்தது வேறு. திருப்பத்தில் வேகம் 34 கிலோமீட்டர், இரண்டாம் கியர், 2,300 ஆர்.பி.எம். அங்கே நான் ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதிக்கிறேன். பெடலின் கடைசியில் ஒரு 'டக்' இருக்கும், கிக்டவுன். கியரை நான் கையில் வைத்திருந்தாலும் அந்த டக்கைத் தாண்டினால் பெட்டி தானாகவே கீழ்க் கியருக்கு இறங்கிவிடுகிறது. முதல் கியர் விழுகிறது, ஆர்.பி.எம். 3,900-க்குத் தாவுகிறது, டார்க் ஒரே அடியாக வருகிறது, முன் சக்கரம் உரசுகிறது, மூக்கு வெளியே போகிறது, கம்ப்யூட்டர் சக்தியை வெட்டுகிறது. 57 கிலோமீட்டரில் முதல் கியர் தீர்ந்து, மறுபடி இரண்டுக்கு ஏறுகிறது. அதற்குள் அடுத்த கோன் வந்துவிடும்.

வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது எப்படித் தெரிந்தது? மிதித்தேன், ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் இழுத்தது. டர்போ தாமதம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கியர் இறங்கியதை நான் கவனிக்கவே இல்லை.

20-05-2024
"அப்படியானால் தாமதமே இல்லையா?" இருக்கிறது. அந்த நாலு திருப்பத்தில் இருக்கிறது. நாலையும் கூட்டினால் அரை நொடி வரலாம்.

இடது காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வலது காலால் மிதித்து டர்போவைச் சுற்றவிடுவது ரேலிக்காரர்கள் செய்வது. இந்த வண்டியில் நடக்காது. இரண்டையும் ஒன்றாக மிதித்தால் கம்ப்யூட்டர் ஆக்ஸிலரேட்டரை வெட்டிவிடும். பாதுகாப்புக்காக வைத்தது, அதைக் கழற்றப் போகாதீர்கள்.

02-06-2024
கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அங்கே சோதித்துப் பார்க்கலாமே என்று ஒருவர். வால்பாறை நாற்பது வளைவு போதும் என்று இன்னொருவர். வேண்டாம் சாமி. அது ஊர் ஜனம் பஸ்ஸிலும் பைக்கிலும் போகிற வழி. எதிரே பலாப்பழம் ஏற்றிய வேன் வரும். கோன் சாய்ந்தால் இரண்டு நொடி, அங்கே ஆள் சாய்ந்தால் என்ன செய்வீர்கள்? களத்தில் ஹெல்மெட் இல்லாமல் யாரையும் விடுவதில்லை, தீயணைப்பான் இல்லாமல் கூட்டமே ஆரம்பிப்பதில்லை. அந்த ஒழுங்கு இருக்கும் இடத்தில் மட்டும் மிதியுங்கள்.

டர்போ பற்றி இன்னொரு விஷயம். எங்கள் மாமா நாமக்கல்லில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். கூட்டத்துக்கு ஒருமுறை வந்தார். நான் ஓட்டம் முடித்து வந்ததும் சாவியை அணைத்தேன். "ஏனுங்க மாப்ள, பழுத்த கம்பியைத் தண்ணிக்குள்ள முக்குற மாதிரி அப்படி நிறுத்துறீங்க? ரெண்டு நிமிசம் ஓடட்டும் விடுங்க" என்றார். சரிதான். டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தின்மேல்தான் சுழல்கிறது. சூட்டோடு நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்று, அங்கேயே கருகிப் படியும். புது வண்டிகளில் நிறுத்திய பிறகும் தண்ணீரை ஓட்டும் மின்பம்ப் இருக்கிறது. இருந்தாலும் நான் இப்போது மாமா சொன்னபடி களத்தை மெதுவாக ஒரு சுற்று வந்துதான் நிறுத்துகிறேன். அந்தச் சுற்றில் இன்டர்கூலரும் ஆறுகிறது.

தம்பி, பழைய வண்டி பார்க்கும்போது எண்ணெய் மாற்றிய பில்லை முதலில் கேளுங்கள். பாலிஷ் எல்லாம் அப்புறம்.

21-07-2024, மாலை
ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், கோன் எந்த மூலைக்கு? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்று ஒரு வழி பண்ணிவிட்டது. வண்டி தொடாமலே கோன் உருள்கிறது. ஒவ்வொரு கோனுக்குள்ளும் அரை செங்கல் வைத்தோம். செங்கல் இருக்கிற கோனை இடித்தால் பம்பர் போகும் என்று சண்டை. கடைசியில் மணல் மூட்டை. ஒரு மணி நேரம் இதிலேயே போனது.

ஆனால் காற்று குளிர்ச்சி. உள்ளே போகும் காற்று 41 டிகிரியைத் தாண்டவில்லை. டயர் காற்று சூட்டிலும் 39-ல் நின்றது. டக் வரை மிதிக்கக் கூடாது என்று பெடலுக்குக் கீழே ஒரு ரப்பர் கட்டை வைத்து ஓட்டலாமா என்று நினைத்தேன், பெடலுக்குக் கீழே எதையும் வைக்கக் கூடாது என்று அக்கா தடுத்துவிட்டார். சரியான பேச்சு. காலைத்தான் பழக்கினேன்.

நான் 42.7. அக்கா 42.1. இடைவெளி 0.6.

தடம் ஒவ்வொரு முறையும் மாறுவதால் வேறு வேறு நாளின் நேரத்தை ஒப்பிடக் கூடாது. ஒரே நாளில் ஒரே தடத்தில் இரண்டு பேருக்குள் இருக்கும் இடைவெளியைத்தான் பார்க்கவேண்டும். போன வருடம் 1.9, மே மாதம் 1.7, இன்று 0.6. வண்டியில் ஒரு நட்டுகூட மாற்றவில்லை.

மே மாதம் இன்டர்கூலருக்குத் தண்ணீர் அடிக்கலாம் என்று தென்னைக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் கொண்டுவந்திருந்தேன். அதை இனி யாரும் ஸ்டார்ட் கோட்டுக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள். ஒழுகும் தண்ணீர் அடுத்த வண்டிக்கு வழுக்கும். தள்ளி நிறுத்தி அடித்து, சொட்டு நின்ற பிறகு வாருங்கள்.

22-07-2024
எந்தப் பிரிவில் ஓட்டுவது என்று கேட்ட உடுமலை நண்பருக்கு: டர்போ பெட்ரோல் இன்ஜினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கிக் கணக்கிடுவது உலக மோட்டார் கூட்டமைப்பின் வழக்கம். 1984 சிசி அப்படிப் பார்த்தால் சுமார் 3,373 சிசி ஆகிறது. எங்கள் கூட்டத்திலும் அதைத்தான் பிடிக்கிறோம். ஆக டிடி பெரிய இன்ஜின்களோடுதான் நிற்கவேண்டும். பிரிவில் ஜெயிக்க ஆசைப்பட்டு டர்போ வாங்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து ஒருமுறை படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை இரண்டுக்கும் சாதாரண கார் பாலிசி பணம் தராது. களத்தில் இடித்தால் முழுச் செலவும் நம் கையிலிருந்து.

டயரும் அப்படித்தான். என் வண்டிக்கு 245/40, 18 அங்குலம். அக்காவின் டயர் நாலின் விலையில் எனக்கு இரண்டு வந்தால் அதிகம்.

11-08-2024, இரவு
இதைத்தான் முதலிலேயே செய்திருக்கவேண்டும். இன்று வண்டியை மாற்றிக்கொண்டோம்.

போட்டி ஓட்டம் முடிந்தது. நான் டிடியில் 42.5, அக்கா ஸ்விஃப்ட்டில் 42.0. சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு மூன்று ஓட்டம், மாற்று வண்டியில், அதே தடம்.

நான் ஸ்விஃப்ட்டில்: 44.0, 43.6, 43.5.
அக்கா டிடியில்: 43.8, 42.3, 41.1.

மூன்றே ஓட்டம். அதற்குமுன் அந்த வண்டியின் கதவைக்கூட அவர் திறந்ததில்லை. இன்றைக்குக் களத்தில் யாரும் தொடாத நேரம் 41.1. நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் திருப்பத்தில் என் வண்டி அப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

எண்களைப் பாருங்கள். ஒரே ஆள் கையில் டிடி ஸ்விஃப்ட்டைவிட 0.9 நொடி வேகம். என் கையில் வைத்துப் பார்த்தால் 1.0. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக வண்டியின் மதிப்பு, இந்தத் தடத்தில், ஒரு நொடி. ஒரே வண்டியில் எனக்கும் அக்காவுக்கும் உள்ள வித்தியாசம் டிடியில் 1.4, ஸ்விஃப்ட்டில் 1.5. பங்காளி சொன்னதும் நான் முதல் நாள் எழுதியதும் தவறு. டர்போ கூபே ஆட்டோகிராஸுக்கு ஆகும். ஆனால் 147 குதிரை கூடுதலாக இருந்தும் கிடைப்பது ஒரு நொடிதான். ஸ்விஃப்ட் 870 கிலோவை ஒட்டி இருக்கும் வண்டி, டிடியைவிட நானூற்றைம்பது கிலோ குறைவு. ஒவ்வொரு பிரேக்கிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த எடையை நான் சுமக்கிறேன், அவர் சுமப்பதில்லை.

12-08-2024
அக்கா என்ன செய்தார் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். தொலைபேசியில் அவரிடமே கேட்டேன். "நீங்க திருப்பும்போதே முடுக்கறீங்கண்ணா. அது பாவம், எதைன்னு கேட்கும்? நான் சீக்கிரமே பிரேக்கப் புடிச்சு, மெதுவா விட்டுட்டே திருப்புனேன். மூக்கு உள்ள வந்ததும் கால் வெரல்ல தொட்ட மாதிரி மிதிச்சேன். அது தயாராகறதுக்குள்ள ஸ்டியரிங் நேராயிருச்சு, அப்புறம் முழுசா மிதிச்சேன்" என்றார்.

பதிவில் அது அப்படியே தெரிகிறது. நான் காலை அழுத்தும் இடத்துக்கு ஆறு, ஏழு மீட்டர் முன்னாலேயே அவர் கால்வாசி மிதித்துவிடுகிறார். அந்தக் கால்வாசியில் டர்போ சுற்ற ஆரம்பிக்கிறது. நான்கு சக்கர இழுவையும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. டிடியில் பின் அச்சுக்கு முன்னால் ஒரு கிளட்ச் கட்டு இருக்கிறது, அது இறுகும்போதுதான் பின் சக்கரத்துக்குச் சக்தி போகும். சீராக மிதித்தால் அது சீராக இறுகி, பின்னாலிருந்து தள்ளி, மூக்கை உள்ளே வைத்திருக்கிறது. நான் செய்வதுபோல் ஒரே அடியாக மிதித்தால் முன் சக்கரம் முதலில் தோற்றுப்போகிறது.

செட்டிபாளையத்து கரி ஸ்பீட்வே பந்தயத் தடம் 2003-ல் திறந்தது. யார் பெயரில் அது நிற்கிறது என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளைக் கட்டியவர். சின்ன இன்ஜின், லேசான வண்டி, நிறையப் பையன்கள் ஓட்டிப் பழகலாம். 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனும் நம் கோயமுத்தூர்க்காரர்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு 230 குதிரையில் பழக ஆரம்பித்தவன் நான்.

25-08-2024
தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். "அண்ணா, நீங்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். ஒரு நொடிதான் வித்தியாசம் என்கிறீர்கள், ஆனாலும் எனக்கு டிடிதான் கண்ணுக்குள் நிற்கிறது."

எனக்குப் புரிகிறது. எனக்கும் அப்படித்தான் நின்றது, இன்றும் நிற்கிறது. 2023 நவம்பரோடு டிடி தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள், இனி புதிதாக வராது. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். வாங்குவதாக இருந்தால் எண்ணெய் பில், கியர் பெட்டி எண்ணெய் மாற்றிய பில், பின் அச்சு கிளட்ச் எண்ணெய் மாற்றிய பில், மூன்றையும் கேளுங்கள். கடைசியை நிறையப் பேர் மாற்றுவதே இல்லை. என் வண்டியிலும் முந்தைய ஓனர் மாற்றாமல் விட்டு, நான் வாங்கியபோது கறுப்பாக வந்தது.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் செப்டம்பர் 22 ஞாயிறு காலை ஆறரைக்குக் களத்துக்கு வாங்க. ஹெல்மெட் நான் தருகிறேன். என் வண்டியில் மூன்று ஓட்டம், அக்கா சம்மதித்துவிட்டார், அவர் வண்டியில் மூன்று ஓட்டம். செருப்போடு வராதீர்கள், அடி மெல்லிய ஷூ போடுங்கள்.

22-09-2024, இரவு
வந்தார். டிடியில் 47.3, 45.9 (ஒரு கோன் சாய்ந்தது), 45.6. ஸ்விஃப்ட்டில் 46.1, 45.4, 44.7.

நான் இன்று டிடியில் 41.9, அக்கா ஸ்விஃப்ட்டில் 42.0. முதல் தடவை. அவர் வந்து கை கொடுத்தார்.

தம்பி கிளம்பும்போது டிடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அக்காவிடம் போய் ஸ்விஃப்ட்டுக்கு எந்த அளவு டயர் போட்டிருக்கிறார், முன்னால் எத்தனை காற்று வைக்கிறார் என்று கேட்டு, போனில் எழுதிக்கொண்டு போனார்.